பாறையில் ஒட்டியிருப்பது பாசியா? வேக ஆறுகளின் செடிகள் பற்றி ஒரு கேள்வி

தோட்டப்பித்து | கோண்டாவில்

வணக்கம். கித்துல்கலைக்குப் படகு விடப் போன மருமக்கள் அனுப்பிய படங்களில் ஒன்று என்னை விடுவதாக இல்லை. களனி கங்கையில் தண்ணீர் இறங்கி வெளியே தெரியும் கரும்பாறை. அதன் மேல் பச்சையும் ஊதாவும் கலந்த ஒரு தோல் படர்ந்து கிடக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். தோலின் விளிம்பில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் குண்டூசித் தலை அளவில் ஓர் உருண்டை. வீட்டில் எல்லோரும் பாசி என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பாசி காய்க்குமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. நம் பக்கத்தில் இதை எங்காவது பார்க்கலாமா? ஒரு துண்டு கொண்டுவந்து தொட்டியில் வைக்கலாமா? (திட்டாதீர்கள், செடிப் பைத்தியங்களுக்கு முதலில் வருவது அந்த யோசனைதான்.)

வழுக்கைக்கரை | சண்டிலிப்பாய்

நம் பக்கத்தில் வேகமாக ஓடும் ஆறா? வழுக்கையாறு ஓடுவதே மாரியில் கொஞ்ச நாள். அதிலும் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்க வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்து எலி | திருநெல்வேலி

அக்கா, அது பாசி இல்லை. பூத்துக் காய்க்கும் தாவரம். பொடொஸ்டெமேசியே என்பது குடும்பப் பெயர். உலகில் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு, பெரும்பாலும் வெப்ப நாடுகளின் அருவிகளிலும் ஆற்றின் பாய்ச்சல்களிலும். முழுக்க முழுக்க நீரிலேயே வாழும் பூக்கும் தாவரக் குடும்பங்களில் இதுதான் பெரியது. படத்தைப் போடுங்கள், பார்க்கலாம். தோல் மாதிரி, விளிம்பில் காய் என்றால் நான் முதலில் செய்லனிடியம் பேரினத்தில்தான் தேடுவேன். செய்லனிடியம் ஒலிவேசியம் இலங்கையில் அப்படித்தான் பாறையைப் போர்த்திக் கிடக்கும். செய்லனிடியம் லைக்கனாய்டிஸ் என்ற இன்னொன்று மெல்லிய நாடாவாக ஓடும். பாலிப்புளூரம் ஸ்டைலோசம் நாடாவைத் தண்ணீரில் மிதக்க விடும்.

இதில் ஒரு வேடிக்கை. நீங்கள் தோல் என்று சொன்னது வேர். மண்ணுக்குள் போக வேண்டிய வேர் பாறைமேல் தட்டையாகப் படர்ந்து, பச்சையத்தை வைத்துக்கொண்டு, வெயிலில் உணவும் தயாரிக்கிறது. தண்டும் இலையும் பெயருக்குத்தான். வேரின் மேலே நூல் நூலாகக் கொஞ்சம் முளைத்திருக்கும். பிடிமானமும் வழமையான வேர்ப் பிடிமானம் இல்லை. ஈரப் பாறையின் மேல் நீலப்பச்சைப் பாசிகள் முதலில் ஒரு பசைப் படலம் விரிக்கின்றன. செடியின் அடிப்புறத்து மயிர்கள் அந்தப் பசையில் ஒட்டுகின்றன. நாம் நின்றால் இழுத்துக்கொண்டு போகும் வெள்ளத்தில் அது அசையாமல் இருப்பது அந்தப் பசையால்தான்.

மரபணு பார்த்த பிறகு இதன் சொந்தக்காரர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. மங்குஸ்தான், கொறக்கா, புன்னை, நாகமரம் எல்லாம் இந்தக் கூட்டத்துக்குக் கிட்டிய உறவு. புன்னை மரத்தடியில் நின்றுகொண்டு இந்தத் தோலை நினைத்துப் பார்த்தால் நம்பவே முடியாது.

இனி அந்த உருண்டைகள். மழைக்காலம் முழுவதும் செடி தண்ணீருக்குள் வளரும். மலைநாட்டில் தை, மாசியில் நீர்மட்டம் இறங்கி, பாறை காற்றுப் பட்டதும் இலைகள் விழ, மொட்டை மூடியிருந்த மெல்லிய உறை கிழிந்து பூ வரும். பல இனங்கள் தம் மகரந்தத்தையே பயன்படுத்திக்கொள்கின்றன, பூச்சிக்காகக் காத்திருப்பதில்லை. கொஞ்ச நாளில் காய் முற்றி, செடி வெயிலில் கருகிப் பாறையோடு பொருக்காகிவிடும். காய் வெடித்துக் கொட்டும் விதைகள் தூசி மாதிரி. அவற்றின் மேற்தோல் ஈரம் பட்டதும் பிசினாகும். அடுத்த மழையின் முதல் தூறலில் விதை பாறையில் ஒட்டினால்தான் பிழைப்பு. ஒட்டாதது கடலுக்கு.

தொட்டி யோசனையை விட்டுவிடுங்கோ அக்கா. தண்ணீர் நின்றால் அது கெதியாக அழுகும். மோட்டார் போட்டுச் சுழற்றினாலும் மாரி, கோடை என்ற ஏற்ற இறக்கத்தை எங்கே காட்டுவது?

வடக்கிலும் எதிர்பார்க்க வேண்டாம். யாழ்ப்பாணம் தட்டையான சுண்ணாம்புத் தரை, மழை கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. வன்னிக்குப் போனால் கனகராயன் ஆறு, பாலியாறு எல்லாம் மணற்படுகையில் வந்து கோடையில் வற்றுபவை. இந்தச் செடிக்கு அசையாத பாறையும் அதன்மேல் தெளிந்த, காற்றுக் கலந்த, பாயும் நீரும் வேண்டும்.

ஸ்காபரோ மீன்தொட்டி

மீன்தொட்டி வைத்திருக்கும் ஆள் என்ற முறையில் உள்ளே வருகிறேன். இங்கே கடைகளில் அதிகம் விற்கும் நீர்ச்செடிகளில் கிரிப்டோகோரைன் வென்டீ ஒன்று. அது இலங்கைக்கு மட்டுமே சொந்தமான செடி என்று கடைக்காரனுக்கே தெரியாது. பெக்கெட்டி, வாக்கெரி, பார்வா என்று அதன் சகோதரங்களும் நம் ஊர் ஆற்றிலிருந்து வந்தவைதான். எல்லாம் சேம்பு, கருணைக் குடும்பம். புதுத் தொட்டியில் வைத்தால் இரண்டு கிழமையில் இலையெல்லாம் கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் பலர். கிழங்கு உயிரோடு இருக்கும், புது இலை விடும்.

கேள்வி: இவையும் வேக ஆற்றுச் செடிகள்தானே? இவை தொட்டியில் பிழைக்கின்றனவே? பிறகு ஏன் மற்றதால் முடியாது?

தோட்டப்பித்து | கோண்டாவில்

தங்கச்சி, வேர்தான் உடம்பு என்ற இடத்தில் இரண்டு தரம் திரும்ப வாசித்தேன். படத்தை மருமகளிடம் கேட்டு முழு அளவில் போடுகிறேன்.

தொட்டியை விட்டுவிட்டேன், சரி. ஆனால் வன்னிக் குளங்களில் கொட்டி இருக்கிறதே, அதுவும் தண்ணீரில் வாழ்வதுதான். அம்மா கொட்டிக்கிழங்கு அவித்துத் தருவா. அதற்கு இந்தப் பாறைச் செடிக்காரரோடு ஏதும் உறவு உண்டா?

ஆய்வுக்கூடத்து எலி | திருநெல்வேலி

இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

வேக ஆற்றுச் செடிகள் என்று ஒரு கூட்டமாகச் சொல்வது உறவுமுறையை வைத்து இல்லை, வாழும் இடத்தை வைத்து. வான் ஸ்டேனிஸ் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1981இல் உலகம் முழுவதிலும் உள்ள இவற்றைத் தொகுத்தார். ஆற்றுப் படுகையிலும் வெள்ளம் தொடும் கரையிலும் மட்டும் வாழ்பவை என்பது அவர் வைத்த எல்லை. அதற்குள் பன்னம் வரும், புதர் வரும், சேம்புக் குடும்பம் வரும். சம்பந்தமே இல்லாத குடும்பங்களில் ஒரே தோற்றம் திரும்பத் திரும்ப வருவதுதான் வடிவு: வெள்ளம் வழுக்கிப் போக நீண்டு ஒடுங்கிய இலை, வளைந்து கொடுக்கும் தண்டு, கல் இடுக்கை விடாத வேர். பொடொஸ்டெமேசியே அந்தக் கூட்டத்தின் எல்லைக்கோட்டில் நிற்கிறது, தண்டு இலை என்ற வேலையையே பெரும்பாலும் கைவிட்டு.

ஸ்காபரோ அண்ணை, கிரிப்டோகோரைன் மணலிலும் சேற்றிலும் வேர்விடுகிறது. கீழே சேமிப்பு இருக்கிறது. அதனால் தொட்டியைப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் தொட்டியில் நூறு வென்டீ வளர்ந்தாலும் ஆற்றில் உள்ளதற்கு அது ஈடு ஆகாது. விற்பனைக்குப் பெருக்குவது ஒரு சில வகைகளின் நகல்களைத்தான். ஓடைக்கு ஓடை வேறுபடும் மற்றவை ஓடையோடு போய்விடும். ஒரு நல்லது: பண்ணையில் பெருக்குவதால் ஆற்றில் பிடுங்கும் தேவை குறைகிறது. அரிதான வகை என்று ஆசை காட்டி யாராவது "ஆற்றில் எடுத்தது" என்று விற்றால் வாங்காதீர்கள்.

அக்கா, கொட்டி வேறு குடும்பம். ஆனால் கொட்டியின் சகோதரம் ஒன்று தெற்கில் ஓடும் நீரில் இருக்கிறது, அப்போனோகெட்டன் ரிஜிடிஃபோலியஸ். இதுவும் இலங்கைக்கு மட்டும் உரியது. விறைத்த நாடா இலை. குளத்துக் கொட்டிக்குக் கோடையில் ஒளிய ஒரு கிழங்கு வேண்டும், நீங்கள் அவித்துச் சாப்பிட்டது அதைத்தான். ஓயாமல் ஓடும் நீரில் இருப்பதற்கு உறங்கும் தேவை இல்லை, ஆகவே உருண்டைக் கிழங்குக்குப் பதில் நீளமான மட்டத்தண்டு. பாறையில் ஒட்டியதற்கோ ஒளிய மண்ணே இல்லை. அதனால்தான் அது கோடையை விதையாகக் கடக்கிறது. மூன்றும் கோடை என்ற ஒரே கணக்குக்கு எழுதிய மூன்று விடைகள்.

பழைய மதகு | கொக்குவில்

முப்பது வருடம் நீர்ப்பாசனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிள்ளை நன்றாக எழுதுகிறாள், சந்தோஷம். ஆனால் இந்த இழை எங்கே போய் முடியும் என்று தெரிகிறது: அணை கட்டாதே, தண்ணீரைத் தொடாதே.

யாழ்ப்பாணத்தான் அதைச் சொல்லலாமா? நாம் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகும் நீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று திட்டம் போட்டார். கனகராயன் ஆறு கொண்டுவரும் நன்னீரை ஆனையிறவுக் களப்பில் தேக்கி, அங்கிருந்து வடமராட்சிக் களப்புக்கு வாய்க்கால். இன்னும் அரைகுறையாகவே கிடக்கிறது. மின்சாரத்துக்கு வந்தால், அருவி நீர் வேண்டாம் என்றால் எண்ணெய் எரிக்க வேண்டும். எண்ணெயில் ஓடிய மின்நிலையம் இருந்த சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தவர்கள் இந்த இழையிலேயே இருப்பீர்கள். மேல் கொத்மலை 150 மெகாவாட், விக்டோரியா 210. புகை இல்லை. ஒரு பொருக்குக்காக இதை நிறுத்தச் சொல்வீர்களா?

வழுக்கைக்கரை | சண்டிலிப்பாய்

ஐயா வந்துவிட்டார். இனி இழை சூடு பிடிக்கும்.

மலைநாட்டான் | தலவாக்கலை, இப்போது யாழ்ப்பாணத்தில்

ஐயா, மேல் கொத்மலை என்று சொன்னதால் எழுதுகிறேன். அந்த அணை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 2012இல் திறந்தார்கள். தண்ணீரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். வழியில் இருந்த சென்கிளேயர் அருவிக்குப் பகலில் மட்டும் ஓரளவு நீர் விடுவது என்று ஏற்பாடு. பார்க்க வருபவர்கள் பகலில்தானே வருவார்கள்.

பஸ்ஸில் போகும் ஆள் அருவி இருக்கிறது என்று படம் பிடித்துக்கொண்டு போவார். கிட்டப் போய்ப் பாருங்கள். நீர் விழும் நடுக்கோடு மட்டும் கறுப்பாக ஈரம். முன்பு சாரல் அடித்த இரு பக்கப் பாறையும் வெளிறி, காய்ந்த பாசி விரல் பட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. ஓரத்துப் பன்னங்கள் இடுக்குகளுக்குள் ஒடுங்கிவிட்டன. நடுவில் தண்ணீர் விழுவதால் அருவி உயிரோடு இருக்கிறது என்று கணக்கில் எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்து ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்கள் இன்னொரு கதை. நாட்டில் இப்போது நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஓடையின் குறுக்கே சின்னத் தடுப்பு, அங்கிருந்து குழாய், கீழே யந்திர வீடு. தடுப்புக்கும் யந்திர வீட்டுக்கும் நடுவில் ஓடை வெறும் கல்லாகக் கிடக்கும். பாய்ச்சலும் பாறையும் இருப்பது சரியாக அந்தத் துண்டில்தான்.

லயத்துப் பிள்ளைகள் அந்தக் கற்களில் ஏறி விளையாடுகிறார்கள் இப்போது. முன்பு அங்கே போனால் அம்மா அடிப்பா.

ஆய்வுக்கூடத்து எலி | திருநெல்வேலி

ஐயா, அணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவை மட்டும் பார்த்து நீரைப் பங்கிடாதீர்கள் என்பதுதான் என் வழக்கு. ஆற்றுக்கு இவ்வளவு கனமீற்றர் விடுகிறோம் என்று கடதாசியில் எழுதலாம். எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதையும் இந்தச் செடி பார்க்கிறது. மீனாவது நீந்தி வேறு குழிக்குப் போகும். இது போகாது.

நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கினால் கதை முடிந்தது: ஓட்டம் நின்று, வண்டல் படிந்து, வெளிச்சம் போய்விடும். அணைக்குக் கீழே நடப்பது கொஞ்சம் நுணுக்கமானது. நம் நாட்டில் மின்தேவை உச்சம் மாலை ஆறரைக்குப் பிறகு. அந்த நேரம் யந்திரத்தை ஓட்டினால் கீழே ஆறு ஏறும், பிறகு இறங்கும். மாசியில் ஒரு மாதம் காற்றுப்பட வேண்டிய பூ பகலில் விரிந்து இரவில் மூழ்குகிறது. காய் முற்றும் முன்னே தினமும் ஒரு மாரி. அதோடு மேலேயிருந்து கழிவுநீரும் உரமும் வந்தால் பச்சைப் பாசி செழித்து இதை மூடிவிடும். மணல் அள்ளினால் கலங்கல்.

"ஒரு பொருக்கு" என்றீர்கள். பிரச்சினை அது ஒன்று இல்லை என்பதுதான். விதை தூரம் போவதில்லை என்பதால் அருவிக்கு அருவி தனி இனம் உருவாகியிருக்கிறது. ஒரே ஓர் அருவியில் மட்டும் அறியப்பட்ட இனங்கள் ஆப்பிரிக்காவில் பல. கினி நாட்டில் கொன்கூரே ஆற்றில் தெனிஸ் மோல்மூ என்ற தாவரவியலாளர் 2018இல் ஒன்றைச் சேகரித்தார். சாக்ஸிகொலெல்லா தெனிசே என்று அவர் பெயரையே வைத்து 2022இல் அறிவித்தார்கள். அறிவிக்கும்போதே அது அழிந்துவிட்டது என்றும் எழுத வேண்டியிருந்தது. கீழே கட்டிய நீர்மின் அணையின் நீர் ஏறி அந்த அருவியை மூடியிருந்தது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பெரிய பெயர் உண்டு. பேராதனைத் தாவரவியல் பூங்காவை 1896 முதல் 1912 வரை நடத்திய வில்லிஸ், இலங்கை, இந்தியப் பொடொஸ்டெமேசியே பற்றி 1902இல் எழுதியதை இன்றும் தேடி வாசிக்கிறார்கள். மகாவலியில் பேராதனைக்குக் கிட்ட ஹக்கிந்தைதான் அவருடைய இடம். அங்கே அவர் பார்த்த ஃபார்மேரியா என்ற சின்னஞ்சிறு செடிக்குக் காயில் இரண்டே விதை. காய் வெடிப்பதில்லை, இருந்த இடத்திலேயே முளைக்கிறது. தூசி விதை கொட்டும் குடும்பத்தில் இது ஒன்று ஊரை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆனைமலைப் பக்கத்து வில்லிசியா என்ற பேரினத்துக்கு அவர் பெயர்தான்.

இந்தச் செடிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வில்லிஸ் டார்வினோடு முரண்பட்டார். எல்லாம் ஒரே பாறை, ஒரே வெள்ளம். அப்படியிருக்க இத்தனை வடிவம் எதற்கு, இயற்கைத் தேர்வு இதை விளக்காது என்று 1914இல் வாதாடினார். அந்த முடிவைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒவ்வோர் அருவியும் தனித்தீவு என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கிறது. அருவியை இழந்தால் மீதி விடையைத் தேட இடமே இராது.

ஸ்காபரோ மீன்தொட்டி

கொலம்பியாவில் கான்யோ கிறிஸ்தாலெஸ் என்று ஆறு சிவப்பாக ஓடும் படம் எல்லோரும் பகிர்வார்களே. அதுவும் இந்தக் குடும்பமாம், இப்போதுதான் தேடிப் பார்த்தேன். சுற்றுலாக்காரர் எல்லோரும் பாசி என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்காவின் வீட்டாரைக் குறை சொல்ல முடியாது.

பழைய மதகு | கொக்குவில்

பிள்ளை, வாசித்தேன். மாலை உச்சத் தேவைக்குத் தண்ணீர் திறப்பதைப் பற்றி நீ சொன்னது சரி. எங்கள் காலத்தில் கீழே குளிக்கும் ஆட்களுக்குச் சங்கு ஊதுவோம். பூவுக்கு யார் ஊதினார்கள்.

ஆனால் பெரிய அணையையும் சின்னத் தடுப்பையும் ஒரே தட்டில் வைக்காதே. பெரிய நீர்த்தேக்கம் வெள்ளத்தை விழுங்குகிறது. சின்னத் தடுப்பு கோடையை விழுங்குகிறது. சின்னதில் தேக்கிவைக்க இடம் இல்லை, மாரி வெள்ளம் அதன் தலைக்கு மேலால் போய்விடும். ஆகவே உன் செடிக்கு மாரி கிடைக்கிறது. கோடையில் வரும் கொஞ்ச நீரையும் முதலாளி குழாய்க்குள் விடுவான், அங்கேதான் அடி. பூக்கக் காற்றுப்பட வேண்டும் என்பது சரி, ஆனால் முழு ஓடையுமே காய்ந்து, பாறை அடுப்பாகும்படி இல்லையே? அப்படியென்றால் கேட்க வேண்டியது இது: தடுப்பின் அடியில், படுகை மட்டத்தில், மதகு வைக்காத ஒரு துவாரம். கதவு இருந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் திறப்பு முதலாளியின் மடியில் இருக்கும். துவாரத்தின் அளவைக் கோடைகால இயல்பு ஓட்டத்தை வைத்துக் கணக்கிடலாம். கொங்கிறீற் போடும் நாளிலேயே குழாயை வைத்துவிட்டால் சில்லறைச் செலவு. கட்டிய பிறகு துளைப்பதென்றால்தான் சண்டை.

பெரிய அணையில் இது செல்லாது. அங்கே மாசி, பங்குனியில் சில கிழமை மாலை ஏற்றத்தைக் குறைத்து ஓட்டலாம். மின்சபையில் யார் கேட்பார்கள் என்பது வேறு கதை. அந்த மாதங்களில்தான் நீர்த்தேக்கமும் இறங்கியிருக்கும், தேவையும் ஏறியிருக்கும். அது லேசில் நடக்காது, பொய் நம்பிக்கை தர மாட்டேன்.

கடலுக்குப் போகும் நீர் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனையிறவில் பாறையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. அந்தத் திட்டத்தை உன் செடியைக் காட்டி மறிக்க முடியாது.

ஆய்வுக்கூடத்து எலி | திருநெல்வேலி

மறிக்க மாட்டேன் ஐயா. களப்புக்கு வேறு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், இறாலும் பறவையும்.

படுகை மட்டத் துவாரம் நல்ல யோசனை. ஒன்று சேர்க்கிறேன்: துவாரத்து நீர் ஒரு மூலையில் வாய்க்காலாக ஓடாமல் பாறைமேல் பரவ வேண்டும். செடி இருக்கும் பாறை எது என்று கட்டும் முன்பே, தை, மாசியில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மாரியில் சுற்றாடல் அறிக்கை எழுதப் போகும் ஆள் வெள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டு "நீர்த்தாவரம் இல்லை" என்று எழுதுவார்.

தோட்டப்பித்து | கோண்டாவில்

மருமகள் முழுப் படம் அனுப்பிவிட்டாள், கீழே இணைத்திருக்கிறேன். மாசியில் அவர்கள் திரும்பவும் போகிறார்களாம். இந்த முறை என்ன படம் எடுக்கச் சொல்ல?

ஆய்வுக்கூடத்து எலி | திருநெல்வேலி

படம் பார்த்தேன், காய் தெளிவாக இருக்கிறது. செய்லனிடியம்தான் என்று நினைக்கிறேன், இனத்துக்குக் காயின் கோடுகள் கிட்டத்தில் வேண்டும். மாசியில் போனால்: பாறை முழுவதும் தெரிய ஒன்று, நீர்மட்டத்திலிருந்து செடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிய ஒன்று, காய்க்குப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து ஒன்று. சுரண்ட வேண்டாம். காய்ந்த பொருக்குமேல் நடக்கவும் வேண்டாம், அடுத்த வருடத்து விதை அதில்தான் இருக்கும்.

மலைநாட்டான் | தலவாக்கலை, இப்போது யாழ்ப்பாணத்தில்

ஐயா சொன்ன துவாரம் வைத்த தடுப்பு ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. மாரி முடிய சருகும் மரக்கொம்பும் வந்து அடைத்துவிடும். அதை யார் எடுப்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தோட்டத்துப் பெடியன்கள் தடியால் குத்தி எடுத்துவிட்டால் காவலாளி விரட்டுகிறான்.

பழைய மதகு | கொக்குவில்

துவாரத்துக்கு மேல்பக்கம் சாய்வாகக் கம்பிச் சட்டம் போடச் சொல்லுங்கோ தம்பி, நேராக இல்லை. சாய்வென்றால் வெள்ளமே சருகை மேலே தள்ளிக்கொண்டு போகும். காவலாளியை விரட்ட என்னிடம் வரைபடம் இல்லை.